சத்தமில்லாத காடி

கூட்டரசு நெடுஞ்சாலையில் மாலை ஆறு மணிக்கு மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் ஹைபிரிட் காடியின் அருமை தெரியும். பத்தடி நகர்வோம், நிற்போம். மற்றவர்களின் எஞ்சின் சும்மா நின்றே எண்ணெய் குடித்துக்கொண்டிருக்கும். என்னுடையது அணைந்து கிடக்கும். ஏர்கோன் மட்டும் பேட்டரியில் ஓடும். பிரேக்கை மிதித்தால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வீணாகப் போகும் வேகத்தைக் கொஞ்சம் மின்சாரமாகச் சேர்த்துக்கொள்ளும். அதனால் இந்தக் காடிக்கு நெடுஞ்சாலையைவிடப் பட்டணத்து நெரிசலில்தான் எண்ணெய் மிச்சம்.

2011 முதல் 2013 முடிய ஹைபிரிட் காடிகளுக்கு அரசாங்கம் வரிவிலக்கு கொடுத்திருந்த காலத்தில் இறங்கிய காடி இது. நான் செகண்ட் ஹேண்டில்தான் வாங்கினேன். "பேட்டரி போச்சுன்னா விக்கவும் முடியாது, வச்சிக்கவும் முடியாது" என்று பயமுறுத்தாத நண்பர் இல்லை. பேட்டரி இன்னும் போகவில்லை. நண்பர்களில் சிலர் போய்விட்டார்கள்.

அம்மா கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். தாத்தா வேலையிலிருந்து நின்றதும் அந்த வீட்டையும் விட வேண்டியிருந்தது. வீடு தோட்டத்துடையது. வேலை இருக்கும்வரைதான் குடியிருக்கலாம். கிள்ளானுக்கு வந்து சேர்ந்த பிறகு அம்மா மலைக்குப் போனது இரண்டோ மூன்றோ முறைதான். போன பள்ளி விடுமுறையில் அவரை ஏற்றிக்கொண்டு தாப்பா வழியாகப் போனேன்.

தாப்பாவிலிருந்து தானா ராத்தா 60 கிலோமீட்டருக்குப் பக்கம். முழுக்க வளைவும் ஏற்றமும். பட்டணத்தில் பூனை மாதிரி போகும் காடி இங்கே அலற ஆரம்பித்தது. இருக்கும் மின்சாரம் சீக்கிரம் தீர்ந்துவிட, சின்ன எஞ்சின் தனியாக இழுக்க வேண்டும். கியர் மாறும் இடைவெளிகூட இல்லாத ஒரே நீண்ட ஓலம். "காடிக்கு மூச்சு முட்டுதுடா, கொஞ்சம் நிப்பாட்டு" என்றார் அம்மா. அதன் சுபாவமே அதுதான் என்று சொல்லியும் அவர் நம்பவில்லை.

பிரிஞ்சாங் தாண்டி சுங்கை பாலாஸ் தோட்டத்துக்குள் இறங்கும் சாலை ஒற்றைக் காடி அகலம்தான். இறக்கத்தில் எஞ்சின் அணைந்தது. முன்னால் நாலைந்து வங்காளதேசத்துப் பையன்கள், கொழுந்து வெட்டும் மிஷினைத் தூக்கிக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நடந்துகொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் நாங்கள் வருவது கேட்கவில்லை. ஐரோப்பாவில் 2021 ஜூலை முதல் புதிதாக விற்கும் மின்சார, ஹைபிரிட் காடிகள் 20 கிலோமீட்டர் வேகம் வரை தாமே ஒலி எழுப்ப வேண்டும் என்பது சட்டம். என் கிழட்டுக் காடிக்கு அந்தச் சமர்த்தெல்லாம் கிடையாது.

ஹார்னில் கை வைத்தேன். அம்மா தட்டிவிட்டார்.

"அடிக்காத. தொர காடிதான் ஹார்ன் அடிச்சிக்கிட்டு வரும்."

கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, "டேக், தெப்பி சிக்கிட்!" என்று குரல் கொடுத்தார். அவர்கள் திடுக்கிட்டு ஒதுங்கினார்கள். ஒருவன் மிஷினைச் செடிமேல் சாய்த்துவிட்டுச் சிரித்தான். அம்மா கையெடுத்து ஏதோ வணக்கம் மாதிரி வைத்தார்.

"அப்பல்லாம் லயத்துல உக்காந்துகிட்டே எந்த வண்டின்னு சொல்லிடுவோம். கொழுந்து லோரி சத்தம் கேட்டா அப்பா வந்துருவாருன்னு பாட்டி அடுப்பு மூட்டும். லேண்ட் ரோவர்னா தொர. பேச்சே நின்னுடும்."

கேமரன் மலையில் பழைய லேண்ட் ரோவர்கள் இன்னமும் காய்கறி சுமக்கின்றன. எதிரில் ஒன்று வந்தபோதெல்லாம் அம்மா திரும்பிப் பார்த்தார். தாத்தா இருந்த லயத்தை நாங்கள் தேடவில்லை. அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் இறங்கும்போது வேறு கதை. 1,400 மீட்டர் உயரத்திலிருந்து எங்கள் இருவரோடு இறங்கும் காடியின் எடை, கணக்குப்படி ஐந்து யூனிட்டுக்குக் கிட்ட மின்சாரம் தரக்கூடியது. காற்றும் டயரும் தின்றதுபோக மிஞ்சுவதைக்கூட வாங்கிக்கொள்ள இடமில்லை. என் பேட்டரி ஒரு யூனிட்கூட முழுதாகக் கொள்ளாது. ரிங்லெட் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே நிரம்பிவிட்டது. அதற்குமேல் 'பி'யில் போட்டு, எண்ணெய் எரிக்காமலே எஞ்சினைச் சுற்றவிட்டுத்தான் வேகத்தை அடக்க வேண்டும். மறுபடியும் சத்தம்.

"ரொம்பிருச்சின்னியே, அப்புறம் ஏன் கத்துது?"

"மிச்சத்த வச்சிக்க எடமில்லம்மா. சூடா வெளிய போவுது."

"அவ்வளவும் சும்மாவா?"

ஆமாம் என்றேன். தாப்பா டோல் வருவதற்குள் அம்மா தூங்கிப்போயிருந்தார்.