பேரிளம்பெண்ணுக்குப் பின்

பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் எனப் பெண்ணின் பருவங்களை ஏழாக வகுத்து மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். உலா இலக்கியங்களில் இவ்வேழு பருவத்து மகளிரும் வீதிக்கு வந்து தலைவனைக் காண்பர். பேரிளம்பெண்ணுக்கு மரபாகக் கூறப்படும் வயது 32 முதல் 40 வரை. அத்துடன் கணக்கு முடிந்துவிடுகிறது. நாற்பத்தொன்றாம் வயதில் அவள் நிலை என்ன என்பது பாட்டுடைத் தலைவனுக்குத் தேவையற்ற செய்தியாக இருந்திருக்கலாம். தமிழ்ப்பள்ளி ஒன்றை நடத்தும் எனக்கு அது மிகவும் தேவையான செய்தி. என் பள்ளி ஆசிரியைகளுள் பாதிக்கு மேற்பட்டோர் அந்த எல்லையைக் கடந்தவர்கள்.

பெண்களின் உடல்நிலை பற்றி ஓர் ஆண் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். எந்த ஆசிரியை எந்த மாடியில், எத்தனை பாடவேளை நின்று கற்பிக்க வேண்டும் என்று கால அட்டவணை வகுப்பவன் நான். ஆகவே எழுதுகிறேன்.

மாதவிடாய் முற்றாக நிற்பது பெரும்பாலோர்க்கு 45க்கும் 55க்கும் இடைப்பட்ட வயதில் நிகழ்கிறது. தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் வாராதிருந்தால் நின்றுவிட்டது என்பர் மருத்துவர். முன்னாளில் நம் நாட்டு அரசுப் பணியாளர்க்கு ஓய்வு வயது 55. அது 2001இல் 56 ஆகவும், 2008இல் 58 ஆகவும், 2012இல் 60 ஆகவும் உயர்ந்தது. எனவே, அன்றைய ஆசிரியை இந்த மாற்றத்தின் தொல்லைகளைத் தாங்கத் தொடங்கிய சில ஆண்டுகளில் பணியிலிருந்து விடைபெற்றார். இன்றைய ஆசிரியை அதன் பின்னும் ஐந்தாண்டுகள் படியேற வேண்டியவராயிருக்கிறார். பழைய தோட்டப் பள்ளிகள் பல தரையோடு தரையாக நின்ற பலகைக் கட்டடங்கள். இப்போதுள்ளவையோ மூன்று மாடி, நான்கு மாடிக் கற்கட்டடங்கள். மின்தூக்கி உள்ள தமிழ்ப்பள்ளியை நான் இன்னும் பார்க்கவில்லை.

இப்பருவத்தில் உடல் அனலாகும், இரவில் வியர்க்கும், உறக்கம் கெடும் என்பது பலருக்குத் தெரியும். மூட்டும் தசையும் வலிக்கும் என்பதுதான் தெரிவதில்லை. 2024இல் வோண்டா ரைட் என்னும் அமெரிக்க எலும்பு மருத்துவரும் அவர்தம் குழுவினரும் ஒரு மருத்துவ ஏட்டில் இவ்வலிகள் அனைத்தையும் ஒரே பெயரின்கீழ்த் தொகுத்து எழுதினர். இப்பருவப் பெண்களுள் நூற்றுக்கு எழுபதின்மருக்கு மேல் இவ்வலிகளுள் ஏதேனும் ஒன்றை உணர்கின்றனர் என்றும், இருபத்தைவர் அதனால் அன்றாட வேலையே தடைப்படும் அளவுக்குத் துன்புறுகின்றனர் என்றும் அக்கட்டுரை கூறிற்று. காரணம் விளங்காததன்று. ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீர் கருப்பைக்கு மட்டும் உரியதன்று. எலும்பு, தசை, தசைநாண், குருத்தெலும்பு யாவற்றிலும் அதனை ஏற்கும் இடங்கள் உள்ளன. அது குறையும்போது அழற்சி மிகுகிறது, தசை மெலிகிறது, எலும்பின் அடர்த்தி தளர்கிறது. உறக்கம் கெடுவதால் சிறு வலியும் பெருவலியாகிறது.

என் தாயார் பால்மரக் காட்டில் உழைத்தவர். ஐம்பது வயதளவில் அவர் காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாமல் வெந்நீர்ப் பாத்திரத்தைப் பற்றிக்கொண்டு அமர்ந்திருப்பார். வாதம் என்றனர், கோடாலித் தைலம் தேய்த்தனர், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் பால்வாளி சுமந்த களைப்பென்றும் கூறினர். களைப்பும் இருந்திருக்கும். ஆனால் அவ்வலி எப்போது தொடங்கிற்று, அதே காலத்தில் உடலில் வேறென்ன மாறிற்று என்று அவரை ஒருவரும் கேட்டதில்லை.

என் பள்ளியில் முதலாம் ஆண்டு வகுப்பை நெடுங்காலம் நடத்திவரும் ஆசிரியை ஒருவர் இரண்டாண்டுகளுக்கு முன்னர் விருப்ப ஓய்வுக்கான படிவத்தைக் கேட்டு வந்தார். அப்போது அவருக்கு வயது 52. "கை மேலே எழமாட்டேன் என்கிறது ஐயா. பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மேசையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு வயதாகிவிட்டது" என்றார். மற்றவற்றை அவர் என்னிடம் கூறவில்லை. துணைத் தலைமையாசிரியையிடம் கூறினார். அதுவே முறை. அந்த அம்மையார்தாம் படிவத்தை ஒரு மாதம் தள்ளிப்போடச் செய்து, அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்.

தோள்மூட்டு இறுகிப்போயிருந்தது. நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் மிகுதியாக வரும் நோய் இது. ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் பற்றும். ஜப்பானியர் இதனை 'ஐம்பது வயதுத் தோள்' என்றே அழைப்பர். நீரிழிவு உடையோர்க்கு இது வரும் வாய்ப்பு இன்னும் அதிகம். நம் நாட்டில் 2019இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு காணப்பட்டது. இந்தியரிடையே அது 30 விழுக்காட்டையும் தாண்டிற்று. ஆகவே இது நம் வீட்டுச் செய்திதான்.

மருத்துவர் முதலில் இரத்தம் சோதித்தார். விரல் மூட்டுகள் இரு கைகளிலும் வீங்கி, காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் வேறு, காலந்தாழ்த்தவும் கூடாது. அவருக்கு அது இல்லை. பிறகு பிசியோதெரபிப் பிரிவுக்கு அனுப்பினார். 'வலிக்கிறதா, அசைக்காதே' என்பதே நம்மவர் அறிவுரை. மூட்டின் சுமையைத் தாங்குவது தசை. அசைக்காத தசை மெலியும். மெலிந்தால் சுமை முழுதும் மூட்டின்மேல் விழும். ஆதலின் ஓய்வைவிடப் பயிற்சியே இங்கு மருந்து. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துமுறை எழுந்து அமர்தல், சுவரில் உள்ளங்கைகளை ஊன்றி உடலைத் தள்ளுதல், குதிகாலை உயர்த்தி இறக்குதல் ஆகியவற்றைக் கற்றுக்கொடுத்தனர். தோளுக்கு, ஒரு கையை மேசையில் ஊன்றிக் குனிந்து மறு கையை ஊசல்போல் ஆட்டுதலும், சுவரில் விரல்களால் மெல்ல மேலேறுதலும். விரல் எட்டிய உயரத்தை அவர் ஆசிரியர் அறைச் சுவரில் பென்சிலால் குறித்து வந்தார். பள்ளிச் சுவரில் கிறுக்கியதற்காக நான் கண்டிக்காத ஒரே ஆள் அவர்தாம்.

பயிற்சியின்போது சிறிது வலித்தால் அஞ்சவேண்டியதில்லை. மறுநாளும் அவ்வலி கூடியிருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி, வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் விரைநடை போன்ற உழைப்பையும், இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியையும் பெரியவர்க்குப் பரிந்துரைக்கிறது. உணவில் புரதம் வேண்டும். கேழ்வரகு நூறு கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. முள்ளோடு உண்ணும் நெத்திலியிலும் அது நிறைய இருக்கிறது.

இயக்குநீர் மருந்து பற்றி இருவகை அச்சங்கள் உள. 2002இல் அமெரிக்காவில் ஒரு பேராய்வின் ஒரு பகுதி இடையில் நிறுத்தப்பட்டபின் பலர் அம்மருந்தின் பெயரைக் கேட்டாலே அஞ்சினர். மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள் இருப்போர்க்கும் அறுபது வயதுக்குட்பட்டோர்க்கும், தடையான நோய் இல்லாவிடில், அனலும் வியர்வையும் தணியத் தீமையைவிட நன்மையே மிகுதி என்பது பின்னர்த் தெளிவாயிற்று. மூட்டுவலியை அது ஓரளவே குறைக்கும். மார்பகப் புற்றுநோய் கண்டவர்க்கும் இரத்தக் கட்டி ஏற்பட்டவர்க்கும் பொதுவாக அது தரப்படுவதில்லை. மருத்துவரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டியது. அண்டை வீட்டாரைக் கேட்டன்று.

அதனினும் அஞ்சத்தக்கது, சந்தைக் கடைகளிலும் கைபேசி வழியும் விற்கப்படும் பெயர் தெரியாத வலிநீக்கிகள். இரண்டே நாளில் வலி பறந்துவிடும். இத்தகையவற்றுள் சிலவற்றில் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மறைவாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளது. நெடுநாள் உண்டால் இரத்தச் சர்க்கரை ஏறும்; ஏற்கெனவே தளரும் எலும்பு மேலும் தளரும்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில், கரும்பலகையில் எழுதும்போது மாணவர் பார்வை மறையாதபடி எவ்வாறு நிற்க வேண்டும் என்று எங்களுக்குக் கற்பித்தனர். எழுதுபவரின் தோளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அட்டவணை வகுக்கும் நண்பர்க்கு நான் கூறக்கூடியவை சிலவே. மேல்மாடியிலும் கீழ்மாடியிலும் அடுத்தடுத்த பாடவேளைகளை ஒருவருக்கே கொடுக்காதீர்கள். வகுப்பில் உயரமான நாற்காலி ஒன்றை வையுங்கள். தரையிலமர்ந்து கற்பிக்கும் பாயைவிட அது முழங்காலுக்கு இதம். திங்கட்கிழமைச் சபைகூடலில் ஆசிரியைகள் அமரட்டும். நாட்டுப்பண்ணுக்கு எழுந்து நின்றால் போதும். இவற்றிற்குப் பெருஞ்செலவில்லை, கல்வி இலாகாவின் அனுமதியும் வேண்டியதில்லை.

அந்த ஆசிரியை படிவத்தைத் திருப்பிக் கொடுக்கவுமில்லை, நிரப்பவுமில்லை. முழங்கால் பெரிதும் தேறிவிட்டது. தோள் இன்னும் முழுமையாக எழவில்லை. சுவரிலுள்ள கடைசிப் பென்சில் கோடு அவர் நெற்றிக்கு நேராக இருக்கிறது. வெண்பலகையின் கீழ்ப்பாதியில்தான் எழுதுகிறார். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு எட்டுவதும் அந்தக் கீழ்ப்பாதிதான்.