செத்த நோடு

தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு ஆலையைப் பார்த்தால் ஆலை மாதிரியே இருக்காது. பொட்டல்காட்டில் தள்ளித் தள்ளிச் சின்ன அறைகள். உள்ளே மருந்தும் கொஞ்சம், ஆளும் கொஞ்சம். ஒண்ணு வெடிச்சா அடுத்தது பிழைக்கணும், அதுதான் கணக்கு.

அதனால் காலேஜில் பால் பாரனை வாசித்தபோது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. அணுகுண்டு விழுந்த பிறகும் ராணுவத் தகவல் போய்ச்சேர என்ன வழி? 1964இல் ராண்ட் நிறுவனம் வெளியிட்ட அறிக்கைகளில் அவர் சொன்ன பதில்: மையமே வேண்டாம். ஒவ்வொரு நோடுக்கும் மூன்று நான்கு இணைப்பு போதும். துண்டுகளாகப் பிரிந்த தகவல் மிச்சமிருக்கும் பாதையில் போய்விடும். நம் ராணுவத்தின் அஸ்கான் வலைப்பின்னலும் ஒளியிழை, மைக்ரோவேவ், செயற்கைக்கோள் என்று பல வழி வைத்திருக்கிறது.

ஆபீஸில் என் வேலையும் இதுதான். ஒரு சர்வர் செத்தால் இன்னொன்று எடுத்துக்கொள்ளும். யாருக்கும் தெரியாது. பிழைப்பது வலைப்பின்னல்தான், செத்த நோடு செத்ததுதான்.

எங்க ஊர்ல நோடுங்கிறது ஆளு. தள்ளிக் கட்டியது பக்கத்து அறையைக் காப்பாற்றும். வெடித்த அறைக்குள் இருந்த அக்காவுக்கு அந்த வரைபடத்தில் ஒரு கோடும் கிடையாது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி விபத்தில் உதவிக்கு ஓடிப்போனவர்களும் செத்தார்கள். எந்த நோடும் அப்படி ஓடாது.