சாயங்காலக் காப்பிக்குப் பதிலாக

பாளையங்கோட்டை,
ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று போனில் நீ பேசியதில் பாதி சிக்னலோடு போய்விட்டது. மீதியில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: ராத்திரி ஒரு மணி வரை தூக்கம் வரவில்லை, பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கிறது, டாக்டர் காப்பியைக் குறைக்கச் சொல்லிவிட்டார், சின்னவள் ஏதோ மூலிகை டீ டப்பா வாங்கிக் கொடுத்திருக்கிறாள், அதைக் குடித்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்கிறாய். வாயால் சொன்னால் 'சரிக்கா, சரிக்கா' என்று தலையாட்டிவிட்டு மறந்துவிடுவாய். அதனால் எழுதி, பார்சலோடு வைத்து அனுப்புகிறேன்.

காலையில் நீ குடிக்கிற காப்பியை நான் தொடப்போவதில்லை. அதைத் தொட்டால் நீ என்னோடு பேச்சை நிறுத்திவிடுவாய். உன் தூக்கத்தைக் கெடுப்பது சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஆபீஸிலிருந்து வந்ததும் குடிக்கிறாயே, அதுதான். நாம் விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற ஒன்று சேர்ந்துகொண்டே போகும். அது தன் இடத்தில் போய் உட்கார்ந்தால்தான் கண் சொக்கும். காஃபீன் என்ன செய்கிறது என்றால், பஸ் நிற்பதற்கு முன்னாலேயே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. குடித்ததில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும்; ஆளுக்கு ஆள் கூடும், குறையும். ஐந்தரைக்குக் குடித்தால் பத்தரைக்கும் பாதித் துண்டு சீட்டிலேயே கிடக்கிறது. 2013இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். படுப்பதற்கு 6 மணி நேரம் முன்னால் 400 மில்லிகிராம் காஃபீன் கொடுத்தும், ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்திருந்தது. அது ஒரு டம்ளர் கணக்கு இல்லை, பல டம்ளர் கணக்கு. ஆனாலும் 6 மணி நேரம் முன்னால் என்பதைக் கவனி.

உடனே வீராப்பாக எல்லாக் காப்பியையும் ஒரே நாளில் நிறுத்திவிடாதே. மறுநாளே தலைவலி மண்டையைப் பிளக்கும், ஒரு வாரம் வரைகூட இழுக்கும். முதலில் சாயங்காலத்ததை மட்டும் விடு. அப்புறம் காப்பித்தூள் கடையில் சிக்கரியைக் கொஞ்சம் கூட்டிப் போடச் சொல். சிக்கரி என்பது வறுத்த வேர்தான், அதில் காஃபீன் கிடையாது. சட்டப்படி கலப்புத் தூளில் 51 சதவீதம் காப்பி இருந்தாலே போதும். பாதி வேரைக் குடித்துக்கொண்டு 'டிகிரி காப்பி' என்று பீற்றிக்கொள்கிறவர்கள் ஊரில் எத்தனையோ பேர்.

இப்போது சின்னவள் வாங்கிய டப்பா. நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்கம் 'டீடாக்ஸ்', பச்சை இலை, ஒல்லியான பெண். பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், இஞ்சிக்கும் எலுமிச்சைப் புல்லுக்கும் நடுவில் 'சென்னா இலை' என்று இருக்கிறது. அது வேறு ஒன்றும் இல்லை, நம்ம நிலாவாரை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் மானாவாரியாக விளைந்து, 'டின்னவெல்லி சென்னா' என்று நம் ஊர் பெயரோடு கப்பலேறுகிற இலை. மலச்சிக்கலுக்கு இரண்டொரு நாள் கொடுக்க நல்ல மருந்து. தினமும் குடிக்கிற டீ இல்லை அது. எடை குறைகிற மாதிரி தெரிவதெல்லாம் வயிற்றால் போகிற தண்ணீர்தான். விடாமல் குடித்தால் உடம்பில் பொட்டாசியம் இறங்கிவிடும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற ஆளுக்கு அது ஆகவே ஆகாது. சின்னவளைத் திட்டாதே, பாவம், ஆசையாக வாங்கியிருக்கிறாள். அவளும் குடிக்கிறாளா என்று மட்டும் கேள்.

கிரீன் டீயும் மூலிகை டீ இல்லை. அதுவும் தேயிலைதான், காஃபீன் இருக்கிறது. சாயங்காலத்துக்கு வேண்டாம்.

அப்படியானால் எதைக் குடிப்பது? சுக்கு மல்லித் தண்ணீர்தான். அதில் காஃபீன் இல்லை. உனக்கு அதன் பெரிய குணமே அதுதான். மற்றதெல்லாம் அப்புறம். சுக்கு தூக்கம் வரவழைக்காது. காப்பி பறித்த தூக்கம் தானாகத் திரும்பி வரும், அவ்வளவுதான். ஐந்தரை மணிக்குக் கை தேடுவது காப்பியை மட்டும் இல்லை, சூடான டம்ளரையும்தானே? அதை வெறும் கையோடு விட்டால் மூன்றாம் நாளே பழையபடி பில்டரைத் தேடுவாய்.

சுக்கை மிஞ்சின மருந்தில்லை, சுப்பிரமணியரை மிஞ்சின சாமியில்லை என்பார்கள். சாமி விஷயத்தில் நான் வாய் திறக்கவில்லை; திருச்செந்தூருக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அது முடியாது. மருந்து விஷயத்தில், குமட்டலுக்குச் சுக்கும் இஞ்சியும் கேட்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. பெரியவள் முழுகாமல் இருக்கிறாளே, உலக சுகாதார நிறுவனமே 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் முதல் மாதங்களின் குமட்டலுக்கு இஞ்சியைச் சொல்லியிருக்கிறது. அவளும் காப்பியைக் குறைக்கட்டும். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது காஃபீன் உடம்பை விட்டுப் போக இன்னும் நேரமாகும். சுக்குத் தண்ணீரை அவள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, லேசாகப் போட்டுக் குடிக்கலாம். ஆனால் சாப்பாட்டோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்துக் குடிக்கக் கூடாது. தேநீர் இரும்புச்சத்தை ஏறவிடாது என்பது தெரிந்ததுதான். புதினா டீ, சாமந்தி டீகூட அதே வேலையைச் செய்கின்றன என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். அதனால் எந்த மூலிகைத் தண்ணீர் ஆனாலும் நடுவில் இரண்டு மணி நேரம் விடட்டும்.

செம்பருத்தி டீ பிரஷருக்கு நல்லது என்று யாரோ அனுப்பியதை நீ எனக்கும் அனுப்பியிருந்தாய். விஷயம் பொய் இல்லை. 2010இல் வெளியான ஒரு சோதனையில், லேசான பிரஷர் இருந்த, மாத்திரை எடுக்காத 65 பேரில் ஒரு பகுதியினருக்கு தினம் மூன்று கப் வீதம் ஆறு வாரம் அந்த டீயைக் கொடுத்தார்கள். மேல் எண் சராசரியாக 7 புள்ளி இறங்கியது. பேருக்கு வேறு பானம் குடித்தவர்களுக்கு 1 புள்ளிதான். ஆனால் அந்தச் செடி நம் வாசலில் பூக்கிற செம்பருத்தி இல்லை. அது புளிச்சக்கீரை வகை. பூ உதிர்ந்தபின் காயைச் சுற்றிச் சதைப்பற்றாக, சிவப்பாக, புளிப்பாக நிற்குமே, அந்தப் புல்லியைக் காயவைத்தது. வாசல் பூவைப் பறித்துக் கொதிக்கவைத்துவிட்டு 7 புள்ளியை எதிர்பார்க்காதே. புளிச்ச வகையே கிடைத்தாலும் மாத்திரையோடு சேர்த்துக் குடிப்பதற்கு முன் டாக்டரைக் கேள். மாத்திரையை நீயாக நிறுத்தினாய் என்று கேள்விப்பட்டால் அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிடுவேன்.

பார்சலில் நான் பொடியாகவே அரைத்து வைத்திருக்கிறேன். தீர்ந்தபின் நீங்களே செய்துகொள்ள: மல்லி நாலு பங்கு, சுக்கு ஒரு பங்கு, மிளகும் சீரகமும் பேருக்குக் கொஞ்சம். சுக்கின் மேல்தோலைக் கத்தியால் சுரண்டிவிட வேண்டும். ஆச்சி அதைச் செய்யாமல் இடிக்கவே விடமாட்டாள். முழுச்சுக்கை அப்படியே மிக்ஸியில் போட்டால் பிளேடு போய்விடும், முதலில் குழவியால் நச்சி நாராக்கிக்கொள். மல்லியை இரும்புச் சட்டியில் சின்னத் தீயில் வறுக்கணும். பச்சை வாடை போய், மணம் எழும்பி, ஓரத்தில் ஒன்றிரண்டு மணி படபடக்கும். அந்த நிமிஷமே தட்டில் கொட்டிவிடு. நிறம் மாறட்டும் என்று நின்றால், சட்டிச் சூட்டிலேயே கருகிக் கசந்துவிடும். ஒன்றரை டம்ளர் தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் பொடி, ஒரு டம்ளராகச் சுண்டும்வரை கொதிக்கட்டும். இறக்கி மூடி வை, மண்டி அடியில் தங்கினதும் தெளிவாக இறுத்துக் குடி. பால் வேண்டாம். வெறும் வயிற்றில் வேண்டாம், நெஞ்சு எரியும். படுக்கப்போகும்போதும் வேண்டாம், ராத்திரி எழுந்து எழுந்து போகவேண்டியிருக்கும்.

கடையில் விற்கிற சில பொடிகளில் அதிமதுரம் சேர்த்திருப்பார்கள், இனிப்புக்காகவும் தொண்டைக்காகவும். உனக்கு அது ஆகாது. தொடர்ந்து சாப்பிட்டால் பிரஷரை ஏற்றும். அதனால்தான் நான் சேர்க்கவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிற உன் மாமனாருக்கும், டாக்டரைக் கேட்காமல் தினமும் சுக்கு கொடுக்காதீர்கள்.

உடன்குடிக் கருப்பட்டி கால் கிலோ வைத்திருக்கிறேன். மணத்துக்கு ஒரு சின்னத் துண்டு, அவ்வளவுதான். கருப்பட்டி என்றால் சர்க்கரை ஏறாது என்று இந்தத் தெருவிலேயே நாலு பேர் நம்பிக்கொண்டு, டம்ளருக்கு ஒரு வட்டு கரைத்துக் குடிக்கிறார்கள். அதுவும் சர்க்கரைதான், தம்பி. அத்தானுக்கே நான் கண்ணில் காட்டுவதில்லை.

அடுத்த தடவை பிரஷர் பார்த்ததும் எண்ணை எழுதி அனுப்பு. 'பரவாயில்லை' என்று மட்டும் சொல்லாதே.

பார்சல் ஆபீஸிலிருந்து போன் வரும். தெரியாத நம்பர் என்று கட் பண்ணிவிடாதே. பொடி இருக்கிற எவர்சில்வர் டப்பா திரும்பி வரணும். போன தீபாவளிக்கு முறுக்கு அனுப்பிய தூக்கும் இன்னும் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

அன்புடன்,
அக்கா