கொல்லம் முதல் புன்னைக்காயல் வரை

கொல்லத்தில் புறப்பட்டுக் கடலை வலப்புறமாகவே வைத்துக்கொண்டு, குமரிமுனையைச் சுற்றி, என் தமக்கையின் குடும்பத்தாரோடு காரில் வந்த நான்கு நாள் பயணத்தின் இறுதி நாள் மணப்பாட்டில் விடிந்தது.

மணப்பாட்டைப் பற்றி எழுதாதவர் இல்லை. கடலுக்குள் நீண்டிருக்கும் மணற்குன்று, அதன்மேல் 1581-இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம், கீழே புனித சவேரியார் தங்கிச் செபித்தார் என முன்னோர் வழிவழியாகச் சொல்லிவரும் குகை. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த அவர் தமிழ் அறியாதவர். பெயர்ப்பாளர் துணையோடு மந்திரங்களைத் தமிழாக்கி, மனனம் செய்து, தெருத்தெருவாய் மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார்.

குலசேகரன்பட்டினம், ஆலந்தலை, திருச்செந்தூர், வீரபாண்டியன்பட்டினம் என ஊர்கள் விரைந்து கழிந்தன. ஆத்தூரை நெருங்கியதும், வலப்புறம் திரும்பிப் புன்னைக்காயல் போகலாம் என்றேன். “அங்கே என்ன இருக்கிறது? நேரே தூத்துக்குடி போனால் நேரத்தோடு சாப்பிடலாமே!” என்றார் அத்தான். நியாயமான கேள்விதான். மணப்பாட்டுக்கும் பனிமய மாதா ஆலயத்துக்கும் வண்டி வண்டியாய் வருகிற நம் மக்கள் பெரும்பாலும் இந்தத் திருப்பத்தில் திரும்புவதில்லை.

தாமிரபரணி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் உள்ளது புன்னைக்காயல். ஆறு வண்டலைக் கொட்டக் கொட்ட, ஒருகாலத்தில் துறைமுகமாயிருந்த கொற்கை உள்நாட்டு ஊரானது. பின்பு பழையகாயலும் அவ்வாறே ஆயிற்று. புன்னைக்காயல் மட்டும் இன்றும் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இந்த ஊரில்தான் அண்டிரிக் அடிகளார் என்று நம் முன்னோர் அழைத்த இயேசு சபைக் குரு என்றிக்கே என்றீக்கசு வாழ்ந்தார். 1546-இல் இந்தியா வந்த போர்த்துக்கீசியர். சவேரியாருக்கு வாய்க்காதது இவருக்கு வாய்த்தது: இரவு பகலாகப் பயின்று, சில மாதங்களிலேயே பெயர்ப்பாளர் இன்றிப் பேசத் தொடங்கினார். போர்த்துக்கீசிய மொழியில் தமிழ் இலக்கணமும் எழுதினார். 1578-இல் அவர் மொழிபெயர்த்த ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் அச்சாயிற்று. பதினாறே பக்கங்கள், இந்திய மொழி எழுத்தில் இந்நாட்டில் அச்சான முதல் நூல் என்று அறிஞர் அதனைப் போற்றுவர். எட்டு ஆண்டுகள் கழித்து, 1586-இல், புன்னைக்காயலில் புனிதர்களின் சரிதையான ‘அடியார் வரலாறு’ வெளிவந்தது. அறுநூறு பக்கங்களுக்கும் மேற்பட்ட பெருநூல்! செம்படவரும் முத்துக்குளிப்போரும் வாழ்ந்த கரைக்கு அத்தனை பெரிய நூலை அச்சிட்டுக் கொடுக்க ஒருவர் துணிந்தார் என்றால், இம்மக்கள் வாசிப்பார்கள் என்று அவர் நம்பினார் என்பதுதானே பொருள்?

கரையில் வலை சீர்செய்துகொண்டிருந்த பெரியவரிடம் அச்சுக்கூடம் இருந்த இடத்தைக் கேட்டேன். “அதை யாருக்கும் தெரியாது, சாமி. ஆத்துமுகமே எத்தனையோ தடவை மாறிப்போச்சு. பொஸ்தகம் எங்கயாச்சும் இருக்கா?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். வத்திக்கான் நூலகத்தில் ஒரு பிரதி இருக்கிறது என்றேன். “அவ்வளவு தூரமா?” என்று ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

ஆலயத்தில் திருப்பலி நேரப் பலகையின் முன் நின்றாள் தமக்கையின் பேத்தி. பெங்களூரில் ஆறாம் வகுப்புப் படிப்பவள். வழியெல்லாம் செபமாலையைத் தமிழில் ஒரு சொல் பிசகாமல் சொல்லி வந்தவள். “சாமி தாத்தா, இது என்ன எழுத்து?” என்று ‘ஞாயிறு’ என்பதன் முதல் எழுத்தைச் சுட்டினாள். எல்லாச் செபமும் காதால் கேட்டுக் கற்றது; ஒருவரி வாசிக்க வராது. மணப்பாட்டுக் கரையில் சவேரியாரைச் சூழ்ந்து நின்ற குழந்தைகளின் நிலையும் அதுவே. ஆனால் அவர்களுக்கு அன்று அச்சிட்ட நூல் இல்லை. நம் வீடுகளில் வேதாகமமும் செபப் புத்தகமும் அலமாரியில் இருக்கின்றன.

இதைத் தமக்கையிடம் சொன்னேன். “அவள் அம்மாவுக்கு நேரம் எங்கே, தம்பி?” என்றாள்.

தூத்துக்குடி சேர மணி மூன்றாகிவிட்டது. அத்தான் பசியோடு இருந்தும் முணுமுணுக்கவில்லை. 1600-இல் இறந்த அண்டிரிக் அடிகளாரின் உடல் இந்நகரில்தான் அடக்கம் செய்யப்பட்டது. பனிமய அன்னையின் முன் அவருக்காகச் சிறிது நேரம் செபித்தோம். வெளியே புத்தகக் கடையில் பெரிய எழுத்தில் அச்சிட்ட புனிதர் வரலாறு ஒன்றைப் பேத்திக்கு வாங்கிக் கொடுத்தேன். காரில் என் அருகே அமர்ந்து எழுத்துக் கூட்டத் தொடங்கினாள். எட்டயபுரம் வருவதற்குள் இருட்டிவிட்டது. அப்போது முதல் பக்கத்தின் ஏழாம் வரியில் இருந்தாள்.