70 வளைவு டெஸ்ட் டிரைவ்!

வீட்டுல கார் பேச்சு ஆரம்பிச்சாச்சா பாஸ்? அப்பா ‘ஸ்விஃப்ட் போதும்’ங்கிறார். நீங்க ‘இன்னும் கொஞ்சம் போட்டா பலேனோவே வந்துடும்ப்பா, ஐ20 வந்துடும், ஆல்ட்ராஸ் வந்துடும்’னு காதுல ஓதிட்டு இருக்கீங்க. அம்மாவோட கவலை இஎம்ஐ. கரெக்ட்டா? அப்ப ஒரு நாளை ஒதுக்குங்க. கொல்லிமலை போயிட்டு வந்து சண்டையைத் தொடரலாம்.

ஷோரூம் டெஸ்ட் டிரைவை வெச்சு மட்டும் முடிவு பண்ணிடாதீங்க. வண்டியில நீங்களும் சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவும்தான். நாலு சிக்னல், ஒரு யு டர்ன், ‘மைலேஜ் அள்ளும் சார்’னு ஒரு டயலாக். அந்த அஞ்சு கிலோமீட்டர்ல எல்லா வண்டியும் சூப்பர் வண்டிதான். அதனால நீங்க கண்ணு வெச்சிருக்கிற அதே மாடலை, அதே இன்ஜினை, ஒரு நாள் வாடகைக்கு எடுங்க. அஞ்சு சீட்டையும் ஃபில் பண்ணுங்க. பாட்டி கண்டிப்பா பின் சீட்டுல! லைசென்ஸ் வாங்கி ஆறு மாசம்தான் ஆச்சுன்னா, ஸ்டியரிங்கை மலை ஓட்டிப் பழகின மாமாகிட்ட குடுத்துடுங்க. வீம்பு வேணாம்.

ஸ்டார்ட்டிங் பாயின்ட் நாமக்கல். லாரிக்கு பாடி கட்டுற ஊர். டீக்கடையில நின்னாலே நாலு டிரைவராவது இருப்பாங்க. ‘கொல்லிமலைக்கு இந்த வண்டி போதுமாண்ணே?’னு கேட்டுப் பாருங்க. யூடியூப்ல கிடைக்காத ரிவ்யூ கிடைக்கும்.

அங்கிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியா காரவள்ளி. இந்த சமதள ரோட்டுல பிரீமியம் ஹேட்ச்பேக் ராஜாதான், ஒத்துக்கணும். ஸ்விஃப்ட்டோட வீல்பேஸ் 2450 மில்லிமீட்டர். பலேனோவுக்கு 2520, ஐ20க்கு 2580. ஐ20ல கூடுற அந்த 13 சென்டிமீட்டரோட அருமை பின் சீட்டுல உட்கார்ந்திருக்கிறவங்க முட்டிக்குத்தான் தெரியும். டிக்கி? ஸ்விஃப்ட்ல 265 லிட்டர், பலேனோவுல 318, ஆல்ட்ராஸ்ல 345. பாட்டியோட பையையும் புளியோதரை டப்பாவையும் மடியில வெச்சுக்க வேண்டியதில்ல. ஆல்ட்ராஸ் கதவு கிட்டத்தட்ட 90 டிகிரி திறக்கும். பாட்டி புடவையைப் பிடிச்சுக்கிட்டு ஏறி இறங்குறதைப் பார்த்தா, சன்ரூஃபை விட இது எவ்வளவு பெரிய விஷயம்னு புரியும்.

காரவள்ளியில ரோடு நிமிருது. ‘1/70’னு போர்டு. மொத்தம் எழுபது கொண்டை ஊசி வளைவு! இங்கதான் கதை மாறுது.

ஒரு சின்னக் கணக்கு. இந்த கார்களோட எடை ஒரு டன்னுக்கு முன்ன பின்ன. ஆளுக்கு 65 கிலோன்னு வெச்சா அஞ்சு பேர் 325 கிலோ. அதாவது வண்டி தன் எடையில மூணுல ஒரு பங்கைக் கூடுதலா சுமந்துக்கிட்டு மலை ஏறுது. இழுக்கிறது 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். டார்க் 115 நியூட்டன் மீட்டர் பக்கம். ஸ்விஃப்ட்டுக்கும் ஏறக்குறைய இதேதான்! நீங்க கூடக் குடுக்கிற காசு இடத்தை வாங்குது, இழுவையை வாங்கலை. அதுவும் அந்த டார்க் முழுசா கிடைக்க ஆக்ஸிலரேட்டரை நல்லா மிதிச்சு இன்ஜினைக் கத்த விடணும். பத்தாவது வளைவுக்குள்ளேயே செகண்ட் கியர்ல முக்கும், ஃபர்ஸ்ட்டுக்குப் போவீங்க. யாராவது ‘ஏசியை ஆஃப் பண்ணு’ம்பாங்க. ஆல்ட்ராஸ் டீசல்ல வந்தவங்க மட்டும் 200 நியூட்டன் மீட்டரோட அலட்டிக்காம மேல போவாங்க. ஐ20 என் லைனோட டர்போவும் அந்த ஜாதிதான், விலையும் அப்படித்தான்.

ஆட்டோமேட்டிக் வேணும்னு அடம் பிடிக்கிறீங்களா? அதுக்கும் இதுதான் இடம். ஏஎம்டி வகை கியரை மாத்தலாமா வேணாமான்னு வளைவுக்கு வளைவு யோசிக்கும். மேனுவல் மோடுக்கு மாத்திட்டா சமாளிக்கலாம். சிவிடி வகை வழுக்கிக்கிட்டு ஏறும், சத்தம் மட்டும் ஜாஸ்தி. ஏத்தத்துல நிறுத்திட்டுக் கிளம்பிப் பாருங்க. வண்டி பின்னால உருளாமப் பிடிக்கிற ஹில் ஹோல்ட் நீங்க வாங்கப்போற வேரியன்ட்ல இருக்கான்னு அங்கேயே தெரிஞ்சுடும். எதிர்ல பஸ் வந்தா? குறுகலான மலை ரோட்டுல ஏறுற வண்டிக்குத்தான் முதல் உரிமை, இறங்குறவர்தான் நின்னு வழி விடணும். சட்டம் அது. ஆனா பஸ்கிட்ட சட்டம் பேசாதீங்க, ஓரம் கட்டிடுங்க.

மேல சோளக்காடு வந்ததும் காத்து மாறும். சந்தையில பலாவும் அன்னாசியும் மிளகும் வாசம் பிடிச்சுக்கிட்டே செம்மேடு போங்க. வல்வில் ஓரி ஆண்ட மலை இது. செம்மேட்டுல அவருக்குச் சிலையே இருக்கு. அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் ஆகாய கங்கை அருவி. ஆயிரம் படிக்கு மேல இறங்கணும். திரும்ப ஏறணுமே! பாட்டியைக் கோயில்லயே விட்டுடுங்க. குளிச்சிட்டு மேல வர்றப்ப உங்க காலுக்கே 1.2 லிட்டர் இன்ஜினோட கஷ்டம் புரியும்.

பார்க்கிங்ல நிக்கிற வண்டிகளைக் கவனிங்க. எல்லாம் ஒரே அளவா இருக்கேன்னு தோணும். காரணம் டிசைனர் இல்ல, வரி! 2006 பட்ஜெட்ல நாலு மீட்டருக்குள்ள நீளம், பெட்ரோல்னா 1200 சிசிக்குள்ள, டீசல்னா 1500 சிசிக்குள்ள இருந்தா சின்ன கார்னு சொல்லி எக்ஸைஸ் டூட்டியை 24 சதவிகிதத்துலேர்ந்து 16 ஆக்கினாங்க. அன்னிலேர்ந்து எல்லா கம்பெனியும் டேப்பை வெச்சுக்கிட்டுதான் கார் வரையுது. ஐரோப்பாவுல நாலு மீட்டரைத் தாண்டி நீளம் இருக்கிற ஐ20, நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில செஞ்சு நமக்குக் குடுக்கிறப்ப 3995 ஆகிடுது. 2025 செப்டம்பர்ல ஜிஎஸ்டியை மாத்தினப்பவும் இதே கோடுதான். உள்ளே இருந்தா 18 சதவிகிதம், தாண்டினா 40. ‘சின்ன இன்ஜினா இருக்கே’னு கம்பெனியைத் திட்டுறதுக்கு முன்னாடி இதை ஞாபகம் வெச்சுக்கங்க.

இறங்குறப்பதான் ரொம்ப ஜாக்கிரதை. எந்த கியர்ல ஏறினீங்களோ அதே கியர்ல இறங்கணும். பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல விட்டா பிரேக் சூடாகி, வாசனை வந்து, அப்புறம் பிடிக்காமலே போயிடும். எழுபது வளைவுக்குக் கீழே இருக்கிறது பாட்டி உட்கார்ந்திருக்கிற வண்டி. அதனால பட்ஜெட் இடிச்சா சன்ரூஃபையும் பெரிய ஸ்க்ரீனையும் வெட்டுங்க. ஏர்பேக், இஎஸ்சி, ஹில் ஹோல்ட் மேல கை வைக்காதீங்க. ஆல்ட்ராஸ் 2020 ஜனவரியில குளோபல் என்கேப்ல அஞ்சு ஸ்டார் வாங்கின வண்டி. 2023 அக்டோபர்லேர்ந்து நம்ம நாட்டுலயே பாரத் என்கேப் வந்தாச்சு. நீங்க வாங்குற மாடலுக்கு எத்தனை ஸ்டார்னு பார்த்துட்டு அட்வான்ஸ் குடுங்க.

இப்ப அம்மாவோட கேள்வி. எட்டு லட்சம் லோன், ஒன்பது சதவிகித வட்டின்னு வைங்க. ஏழு வருஷம்னா மாசம் சுமார் 12,900. வட்டி மட்டும் 2 லட்சத்து 80 ஆயிரம். அஞ்சு வருஷம்னா மாசம் 16,600. வட்டி 2 லட்சத்துக்குள்ள அடங்கும். அந்த அஞ்சு வருஷத்துக்குள்ளதான் உங்க கடைசி செமஸ்டர் ஃபீஸும் தங்கச்சியோட காலேஜ் அட்மிஷனும் வருது. மாசம் 16,600 இடிக்குதுன்னா அப்பா சொல்ற ஸ்விஃப்ட்டே சரி. மலையில அதுவும் இதே மாதிரிதான் முக்கும், இதே மாதிரிதான் ஏறும்.

வீட்டுல எப்பவும் நாலு பேருக்கு மேல, மாசம் ரெண்டு தடவை ஹைவேன்னா பிரீமியம் ஹேட்ச்பேக்குக்கு என் ஓட்டு. மலையும் அடிக்கடின்னா டீசலையோ டர்போவையோ பாருங்க. தினம் ஒருத்தர் மட்டும் ஆபீஸ் போயிட்டு வர்ற வண்டின்னா, பின் சீட்டுல காத்துதான் உட்கார்ந்து வரும். அதுக்கு எதுக்கு அந்த 13 சென்டிமீட்டர்?

காரவள்ளிக்கு இறங்கினதும் வண்டியை ஓரம் கட்டிட்டு, பின் சீட்டு நடுவுல உட்கார்ந்து வந்தது யாரோ, முதல்ல அவங்களைக் கேளுங்க. ஓட்டினவரை அப்புறம் கேட்டுக்கலாம்.