லயத்து வாசலில் ஒரு கேள்வி

கொழும்பிலிருந்து புறப்படும் புகையிரதம் மலையேறி, எல்லவைக் கடந்து, தெமோதரையில் நிலையத்துக்கு அடியிலேயே வளைந்து புகுந்து, பதுளையை அடைகிறது. 1924ஆம் ஆண்டில் இவ்வூரைத் தொட்ட இருப்புப்பாதை இங்கேயே முடிவுறுகிறது. நகரில் முதியங்கனை விகாரையும் கதிர்வேலாயுத சுவாமி கோயிலும் விளங்குகின்றன. சுற்றிலும் பசறை, ஹாலி-எல, லுணுகலை, மடுல்சீமை எனத் தேயிலைத் தோட்டங்கள். அங்குள்ள லயங்களில் வாழும் நம் மக்களின் ஆண்டை அளப்பவை பண்டிகைகளே.

தைப்பொங்கலன்று பானை பொங்குகிறது. அரிசியோ கடையில் வாங்கியது, கழனி அவர்களுக்கு இல்லை. மாசியில் காமன் கூத்து. ரதியின் புலம்பலைக் கேட்டு லயமே விழித்திருக்கும். பின்னர் மாரியம்மன் திருவிழா, கரகம், தீமிதிப்பு. ஆடியில், ஊவா மாகாணத்திலேயே அமைந்த கதிர்காமத்துக்கு யாத்திரை. ஐப்பசியில் தீபாவளி, முற்பணம் பெற்றுப் புத்தாடை வாங்கி, அதனைப் பின்வரும் மாதங்களின் சம்பளத்தில் அடைத்துத் தீர்ப்பர்.

தாயகத்தை விட்டுப் பெயர்ந்தோர் தம் பண்டிகைகளை உடன் சுமந்து செல்வது உலகியல்பு. இதற்குச் சிறந்த உதாரணம் யூத இனம். அவர்கள் நம் மலைநாட்டுக்கு முற்றிலும் அந்நியரல்லர். புசல்லாவையில் ரொத்சைல்ட் தோட்டத்தை உருவாக்கிய த வேர்ம்ஸ் சகோதரர் யூத குலத்தவரே.

யூதர் மாதங்கள் நம் திதிகளைப் போலச் சந்திரனைத் தழுவியவை. பருவத்தோடு இணங்கும்பொருட்டு, 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதத்தைக் கூட்டுவர். புத்தாண்டில் ஆட்டுக்கடாவின் கொம்பை ஊதி, தேன் தோய்த்த ஆப்பிள் உண்பர். பத்தாம் நாள் உபவாசமிருந்து பிழை பொறுக்க வேண்டுவர். பின்னர், முன்னோர் பாலைவனத்தில் அலைந்ததை நினைந்து, ஏழு நாட்கள் தழை வேய்ந்த குடிலில் உணவு கொள்வர். குளிர்காலத்தில் எட்டு நாட்கள் விளக்கேற்றுவர்.

இளவேனிலில் வருவது பஸ்கா. அன்றிரவு விருந்தில் வீட்டின் இளைய பிள்ளை, இன்று மட்டும் ஏன் இந்த வேற்றுமை என்று வினவும். எகிப்தில் அடிமைப்பட்ட முன்னோர் விடுதலை பெற்று வெளியேறிய கதையைப் பெரியோர் விடையாகக் கூறுவர். கசப்புக் கீரை அடிமைத் துயரையும், உப்புநீர் கண்ணீரையும், புளிக்காத அப்பம் மாவு புளிக்கவும் நேரமின்றிப் புறப்பட்ட அவசரத்தையும் உணர்த்தும்.

இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டும். நம் பண்டிகைகளில் நரகாசுரன் கதை உண்டு. காமன் எரிந்த கதை உண்டு. நம்மவர் வந்த கதை இல்லை. கோப்பித் தோட்டக் காலத்தில் தமிழகத்தினின்று கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடந்தவர்களுள் நோயால் மாண்டோர் பலர். எஞ்சியோரின் வழித்தோன்றல்களுள் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றோராயினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது, உறவுகள் பிரிந்தன. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி, தீபாவளி கழிந்து ஒரு வாரத்தில், கொஸ்லந்தைக்கு அருகே மீரியாபெத்தை லயங்கள் மண்சரிவில் புதையுண்டன.

2023ஆம் ஆண்டில், இருநூற்றாண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் கால்நடையாகச் சென்றனர். அரிய செயல், ஆயினும் அதுபோன்ற நடைப்பயணம் ஆண்டுதோறும் நிகழ்வதன்று. ஆண்டுதோறும் தவறாது வீடு தேடி வருவது பண்டிகையே.

ஆகவே, வரும் பொங்கலன்று பானை இறக்கியதும் வீட்டின் இளைய பிள்ளை மூன்று கேள்விகள் கேட்கட்டும். நம் முன்னோர் எவ்வூரிலிருந்து வந்தனர்? எவ்வழியே வந்தனர்? வழியில் யாரை இழந்தனர்? பாட்டி தமக்குத் தெரிந்த அளவு சொல்லட்டும். பிள்ளைகள் அதை எழுதி வைக்கட்டும். பல லயங்களில் அக்கதையை அறிந்தவர் இன்று அப்பாட்டி ஒருவரே.