சாய்ந்த உத்திரத்தின் நீளம்

மேலிருந்து நோக்கி வரையப்படும் பிளான் உயரத்தை அறியாது. மட்டமாகக் கிடக்கும் உத்திரத்துக்கு இதனால் கேடொன்றுமில்லை. சாய்ந்து ஏறும் உத்திரத்தையோ அது எப்போதும் குறைத்தே காட்டும். நாங்கள் கணினியில் கட்டட வரைபடம் தயாரிப்பதைத் தொழிலாகக் கொண்ட சகோதரர்கள். இந்தச் சிறு செய்தி தெரியாமையால் நேர்மையான ஒருவர்மீது பழி விழவிருந்ததைக் கண்டோம். வீடு கட்டும் குடும்பத்தார் அறிந்திருப்பது நல்லதெனக் கருதி எழுதுகிறோம்.

மத்ரஸா ஒன்றின் உணவுக்கூடம் அது. அகலம் 8 மீட்டர், நீளம் 16 மீட்டர். நான்கு பக்கமும் சரிந்திறங்கும் ஓட்டுக் கூரை. சுவர் மட்டத்திலிருந்து மோடு 2 மீட்டர் உயரம். சாய்வு உத்திரங்களுக்கு 200 மி.மீ. உயரமுள்ள ஐ பீம். பட்டறைக்காரப் பெரியவர் 12 மீட்டர் பீம்கள் ஒன்பது வேண்டுமென்றார். நிர்வாகிகளுள் ஒருவர் பிளானில் அளவுகோல் வைத்துக் கூட்டியிருந்தார். ஏறத்தாழ 87 மீட்டர் வந்தது. எட்டு பீம்களே 96 மீட்டர் ஆயிற்றே, ஒன்பதாவது எங்கே போகிறது என்று வினவினார். வக்ஃபுப் பணத்துக்குப் பொறுப்பேற்றவர் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கேட்ட விதத்தில் பெரியவரின் முகம் வாடிப்போயிற்று.

"அளந்து பார்த்துட்டுச் சொல்லுங்க ஹாஜியார்" என்றார், வேறொன்றும் பேசவில்லை. அளக்கும் வேலை எங்களிடம் வந்தது.

ரெவிட் மென்பொருளில் உத்திரத்தின் இரு முனைகளுக்கும் தனித்தனியே உயரம் கொடுக்கலாம். ஒரு முனையை 2 மீட்டர் உயர்த்தினாலும் பிளானில் அந்தக் கோடு நீள்வதில்லை. அங்கே அளந்தால் பழைய 4 மீட்டரே வரும். உண்மை நீளத்தைக் காண உத்திரத்துக்கு இணையாக வெட்டுத்தோற்றம் எடுக்க வேண்டும். அதிலும் அளவுக் கருவிகள் இரண்டு உள்ளன. லீனியர் என்பது கிடை அளவையோ செங்குத்து அளவையோ மட்டும் தரும். அலைன்ட் என்பதே சாய்வின் வழியே அளக்கும். கிடை 4, ஏற்றம் 2 எனில் சாய்வு நீளம் 4.472 மீட்டர். பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம்தான். இதற்குக் கணினிகூடத் தேவையில்லை.

மூலையிலிருந்து மோட்டுக்கு ஏறும் உத்திரம்தான் பலரை ஏமாற்றுவது. பிளானில் அது 5.657 மீட்டர். சுவருக்கு இணையாக வெட்டுத்தோற்றம் எடுத்து அளந்தால் 4.472 என்று காட்டும், பிளானைவிடவும் குறைவாக! வெட்டுக்கோட்டை அந்த உத்திரத்தின் திசைக்கே திருப்பினால் சரியாக 6 மீட்டர் வரும். ஆட்டோகேடில் வேலை செய்வோர் டிஸ்ட் கட்டளை தரும் இசட் வேறுபாட்டைக் கவனிக்கட்டும். ஏறும் உத்திரத்துக்கு அது சுழியமாக இருந்தால், பிடித்த புள்ளிகள் தவறு.

இவ்வாறு பன்னிரண்டு பொது உத்திரங்கள், நான்கு மூலை உத்திரங்கள், எட்டுக் குறு உத்திரங்கள் அனைத்தையும் கூட்டினால் 95.6 மீட்டர். ஆக எட்டு பீம் போதும் என்று ஹாஜியார் மீண்டும் சொல்லக்கூடும். இங்கேதான் பட்டறையின் அனுபவம் பேசுகிறது. சாய்ந்த உத்திரத்தின் முனைகளைச் செங்குத்தாக வெட்ட வேண்டும். அந்தச் சரிவு வெட்டுக்காகப் பொது உத்திரத்துக்கும் குறு உத்திரத்துக்கும் தலைக்கு 100 மி.மீ., மூலை உத்திரத்துக்கு 71 மி.மீ. கூடுதலாக வேண்டும். கூட்டுத்தொகை 97.8 மீட்டரைத் தொடுகிறது. 12 மீட்டர் பீமில் 6 மீட்டர் மூலை உத்திரம் இரண்டு வராது. எப்படி அடுக்கினாலும் எட்டில் அடங்கவில்லை.

ரெவிட் அட்டவணையில் நீளத்துக்கு இரண்டு பத்திகள் உண்டு. லெங்த் என்பது உத்திரக் கோட்டின் இரு முனைகளுக்கு இடைப்பட்டது; கட் லெங்த் என்பது இணைப்புகளில் வெட்டுண்ட பின் உள்ளது. எந்தப் பத்தியானாலும் ஓர் உத்திரத்தையாவது கையால் கணக்கிட்டு ஒப்பிட்ட பிறகே நாங்கள் அச்சிடுகிறோம்.

அளவையில் மோசம் செய்வோரைக் கண்டிக்கும் அல்முதஃப்ஃபிஃபீன் அத்தியாயம் கடைத்தெருவுக்கு மட்டும் உரியதென்று நம்மில் சிலர் எண்ணிவிடுகிறோம். இந்தப் பெரியவருக்குக் கிலோ கணக்கில்தான் கூலி. மீட்டருக்குச் சுமார் 25 கிலோ எனக் கொண்டால், பிளான் அளவுப்படி கொடுக்கும்போது 220 கிலோவுக்கு மேற்பட்ட வேலை கூலியின்றிப் போயிருக்கும். யாரும் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள். ஆயினும் குறைவது ஓர் உழைப்பாளியின் பங்கு.

எந்தத் துண்டு எந்தப் பீமிலிருந்து வரும் என்று ஒரே தாளில் வரைந்து கொடுத்தோம். ஹாஜியார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் கூட்டிப் பார்த்தார். அஸருக்குப் பின் தாமே பட்டறைக்குச் சென்று முன்பணம் கொடுத்துவிட்டு வந்ததாகக் கேள்விப்பட்டோம். மிஞ்சும் துண்டுகளையும் அந்தத் தாளில் குறித்திருந்தோம்: 1.36 மீட்டரில் நான்கு, 0.52 மீட்டரில் நான்கு, 2.66 மீட்டரில் ஒன்று. அவை மத்ரஸாவுக்கே வந்து சேர்ந்தன. நீளமான துண்டு இப்போது ஒளூச் செய்யும் இடத்தில் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கி நிற்கிறது.